பழுதைத் தமிழால் அறிவோம்
(சரக்குந்துப் பணிமனைத் தோழர்களிடையே ஆற்றிய உரை)



தனித்தமிழ் என்றதும் அது புலவர் வீட்டுத் திண்ணைப் பேச்சு என்று எண்ணுவார் உளர். 1916-இல் மறைமலையடிகள் தொடங்கிய இவ்வியக்கம் ஏட்டோடு நின்றுவிடத் தோன்றியதன்று. உழைப்பவன் கையிலுள்ள கருவிக்குத் தமிழில் பெயர் வேண்டும். அதன் இயக்கத்தை அவன் தமிழில் எண்ணிப் பார்க்கவும் வேண்டும். ஒரே ஓர் உறுப்பைக் கொண்டு இதனை விளக்குகின்றேன்.

கன்னெய்ப் பொறியில் முடுக்குமிதியை அழுத்தினால் காற்று வழியிலுள்ள தகடு திறக்கும். தீசல் பொறியிலோ உட்செலுத்தும் எரிநெய்யின் அளவே விரைவைக் கூட்டுவதும் குறைப்பதும். தீசல் என்பது 1897-இல் அப்பொறியை வெற்றியுற இயக்கிக் காட்டிய செருமானியர் உருடால்பு தீசலின் பெயர். ஆட்பெயரை நாம் மாற்றுவதில்லை. நம் ஒலிமரபுக்கு இசைய எழுதுகின்றோம்.

முன்னாளைய வண்டிகளில் மிதியையும் எரிநெய் எக்கியையும் ஒரு கோலோ கம்பியோ இணைத்தது. புகைக் கட்டுப்பாட்டின் நான்காம் நிலை 2017 ஏப்பிரலிலும், ஆறாம் நிலை 2020 ஏப்பிரலிலும் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தன. இன்றைய வண்டிகளில் மிதியில் பொருத்திய உணரி, அழுத்தத்தின் அளவை மின்குறிகையாக்கிக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு அனுப்புகின்றது. காப்புக்காகப் பல வண்டிகளில் இரண்டு உணரிகள் உள்ளன. இரண்டின் செய்தியும் ஒவ்வாவிடில், பெட்டி பொறியின் விரைவை மட்டுப்படுத்தி விடுகின்றது.

அப்பொழுது நடப்பதென்ன? மிதியை எவ்வளவு அழுத்தினாலும் பொறி மெல்லவே சுழல்கின்றது. அல்லது வண்டி திக்கித் திக்கி ஓடுகின்றது. எச்சரிக்கை விளக்கு எரிகின்றது. உடனே, “சென்சார் போச்சு” என்று ஒரு சொல் விழுகின்றது. அதனோடு எண்ணமும் நின்று விடுகின்றது. பல்லாயிரம் உருபா கொடுத்துப் புதுமிதி வாங்குகின்றார் உரிமையாளர். பழுது கம்பியில் இருந்திருப்பின், இரண்டே நாளில் வண்டி மீண்டும் சரக்கோடு நடுவழியில் நிற்கும்!

தோழர்களே, பழுது எங்கென்று தெரியாமல் உறுப்பை மாற்றாதீர்கள். முதலில் மின்கலத்தின் நிலையையும் எரிநெய் வடிகட்டியையும் பாருங்கள்; வடிகட்டி அடைத்தாலும் ஆற்றல் குறையும். அடுத்து, பெட்டியில் பதிவாகியுள்ள பழுதெண்ணைப் படியுங்கள். அவ்வெண் எச்சுற்றில் பழுது என்றுதான் கூறும். எவ்வுறுப்பில் என்று உறுதி கூறாது. பின்பு திறவுகோலை அணைத்து, உணரியின் இணைப்பியைக் கழற்றி, நீர், பச்சைப்பூப்பு, வளைந்த முனை, உராய்ந்த கம்பி ஆகியவை உண்டா என்று நோக்குங்கள்.

பொதுவாக ஓர் உணரிக்கு மூன்று கம்பிகள்: ஊட்டுகம்பி, மீள்கம்பி, குறிகைக்கம்பி. இணைப்பியை மாட்டித் திறவுகோலைத் திருப்பிய பின், மின்னழுத்த அளவியால் இணைப்பியின் பின்புறமாக அளந்து பாருங்கள். ஊட்டுகம்பியில் ஏறத்தாழ 5 வோல்ட்டு இருத்தல் வேண்டும். இல்லையெனில் குற்றம் உணரியினது அன்று. கம்பியிலோ பெட்டியிலோ, அதே ஊட்டத்தைப் பகிரும் வேறோர் உணரியிலோ இருக்கலாம். ஊட்டமும் மீள்வழியும் நன்றாயிருப்பின் மிதியை மெல்ல மெல்ல அழுத்துங்கள். குறிகையின் அழுத்தம் சீராக ஏறுதல் வேண்டும். நடுவில் சட்டென விழுந்தால் உணரி தேய்ந்தது என்று துணியலாம். கம்பித் தொகுதியை அசைக்கும்போது மட்டும் விழுந்தால் பழுது கம்பியிலே! முற்றளவுகள் வண்டிக்கு வண்டி மாறும்; கையேட்டோடு ஒப்பிடுங்கள்.

ஒன்றை மறவாதீர்கள். பெருஞ்சரக்குந்துகளின் மின்கலத் தொகுதி பெரும்பாலும் 24 வோல்ட்டினது. அதனை 5 வோல்ட்டுக் கம்பியில் தொடுத்தாலும், விளக்குக் கட்டிச் சோதித்தாலும், விலையுயர்ந்த பெட்டியே கெடலாம். உணரியை மாற்றிய பின் பழுதெண்ணை அழித்து, சில வண்டிகளுக்குரிய மிதிநிலைப் பதிவையும் செய்து, ஓட்டிப் பார்த்த பின்னரே வண்டியை ஒப்படையுங்கள்.

இவற்றுள் தமிழில் சொல்ல இயலாதது எது? ஊட்டுகம்பி என்றால் ஊட்டுவது. மீள்கம்பி என்றால் மீள்வது. உணரி என்றால் உணர்வது. பெயரே வேலையைச் சொல்லி விடுகின்றது! எட்டாம் வகுப்போடு பணிமனைக்கு வந்த இளைஞன் பொருள் விளங்காத அயற்சொல்லை ஒப்புவித்தால் ஏவல் செய்பவனாகவே இருப்பான். பொருள் விளங்கும் சொல்லைப் பெற்றால் பழுதைத் தானே ஆராய்வான். ஆங்கிலக் கையேட்டைப் படிக்க வேண்டா என்று நான் கூறவில்லை. படித்தவர் அதனைத் தமிழாக்கிப் படியாதவர்க்குத் தருதல் கடமை என்கின்றேன்.

ஆகவே, பணிமனைதோறும் ஒரு கரும்பலகை மாட்டுங்கள். நாளொன்றுக்கு ஓர் உறுப்பின் தமிழ்ப்பெயரையும், அதன் வேலையையும், அதனைச் சோதிக்கும் முறையையும் எழுதுங்கள். ஓராண்டில் அதுவே நம் கையேடாகும்!

வாழ்க உழைப்பு! வெல்க தமிழ்!