ஒரு சோளமணி, இரு சோளமணி
1918 அக்டோபரில் பிரான்சின் போர்முனையில் அமெரிக்கரின் தொலைபேசிக் கம்பிகளை ஜெர்மானியர் ஒட்டுக்கேட்டு வந்தனர். 142ஆம் காலாட்படையின் தளபதிக்குத் தம்மிடமிருந்த சோக்டா பழங்குடி வீரர்கள் நினைவுக்கு வந்தனர். கம்பியின் இரு முனைகளிலும் அவர்களே அமர்ந்து தாய்மொழியில் பேசினர். எதிரிக்கு எதுவும் விளங்கவில்லை.

இயந்திரத் துப்பாக்கிக்குச் சோக்டாவில் சொல் இல்லை; ‘விரைந்து சுடும் சிறு துப்பாக்கி’ என்றனர். பீரங்கி, ‘பெரிய துப்பாக்கி’. முதல், இரண்டாம், மூன்றாம் பட்டாலியன்களோ ஒரு சோளமணி, இரு சோளமணி, மூன்று சோளமணி ஆயின! பதுங்குகுழியில் கிடந்தவன் விளைநிலத்தை நினைத்தான் போலும். கலைச்சொல்லாக்கக் குழு எதுவும் இத்துணை அழகாகச் செய்திராது.

பழங்குடிச் சிறுவர் தாய்மொழி பேசினால் தண்டித்த பள்ளிகள் அந்நாளைய அமெரிக்காவில் இருந்தன. அம்மொழிதான் போருக்கு வேண்டியதாயிற்று. இவ்வீரர்களைப் பிரான்சு 1989இல் சிறப்பித்தது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் பொற்பதக்கம் 2013இல்தான் வந்தது. பெற்றுக்கொள்ள அவர்களுள் ஒருவரும் உயிரோடில்லை.