நஞ்சும் நாளும்

(திருச்சிராப்பள்ளி, கைலாசபுரத்தில் தமிழன்பர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கொதிகலன் ஆக்கும் தொழிலாளர் வாழும் இக் கைலாசபுரத்தில் உழவைப் பற்றிய பேச்சு எதற்கு எனச் சிலர் எண்ணலாம். விளைப்போர் சிலர், உண்போரோ நாம் அனைவரும். காந்தி அங்காடியிலிருந்து நம் அடுக்களைக்கு வரும் கத்தரிக்காயின்மீது நஞ்சு தெளித்தது எந்நாள், காய் பறித்தது எந்நாள் என்று நாம் கேட்டதுண்டா?

பூச்சிமருந்து என்கிறோம், நஞ்சு என்பதே அதன் உண்மைப் பெயர். தெளித்த நஞ்சு வெயிலாலும் பயிரின் உள்வினையாலும் நாளடைவில் சிதைந்து குறையும். தீங்கிலா அளவுக்கு அது குறையும்வரை காயைப் பறித்தலாகாது. அவ் விடைவெளியே காத்திருப்பு நாள். அது நஞ்சுக்கு நஞ்சு, பயிருக்குப் பயிர் வேறுபடும். குளோரான்ட்ரானிலிபுரோல் என்னும் ஒரே நஞ்சுக்கு அரசு ஒப்புதலில் உள்ள கணக்கைப் பாருங்கள்: தக்காளிக்கு 3 நாள், வெண்டைக்கு 5 நாள், கத்தரிக்கோ 22 நாள்! தக்காளிக் கணக்கைக் கத்தரிக்கும் கொள்பவர் 19 நாள் முந்திப் பறித்துவிடுகிறார்.

கழுவினால் போய்விடும் என்று இருந்துவிடாதீர்கள். மேலே படிந்தது ஓரளவு போகும். உள்ளே ஊடுருவியது போகாது.

உழவரைப் பழிப்பது எளிது. வெண்டையை ஒன்றுவிட்டு ஒருநாள் பறித்தாக வேண்டும். விட்டால் முற்றிவிடும், முற்றிய காயை வாங்குவார் இலர். 5 நாள் காத்திருந்தால் இரண்டு பறிப்புப் பாழ். ஆகவே அவருக்கு வழி வேண்டும். வேப்பங்கொட்டைப் பருப்பின் 5 விழுக்காட்டுச் சாற்றை முதலில் தெளிக்கலாம். நஞ்சே வேண்டுமெனில், காத்திருப்பு நாள் குறைந்ததைத் தேர்ந்து, காயைப் பறித்த பின்னர்த் தெளிக்கலாம்.

இவ்வறிவு அவரை எம்மொழியில் சென்றடையும்? 1958-இல் கேரளத்தில் பாரத்தியான் கலந்த உணவை உண்டு நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன் பின்னரே 1968-இல் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது. விற்கப்படும் இடத்தின் மொழியிலும் பெயர்ச்சீட்டும் துண்டறிக்கையும் அச்சிடப்பட வேண்டும் என்பது அச்சட்டத்தின் கீழ் 1971-இல் வகுத்த நெறிமுறை. எனவே, தமிழில் கேட்பது இரத்தல் அன்று, உரிமை!

ஆனால், கண்ணுக்கு எட்டாச் சிற்றெழுத்தில், உழவர்க்கு விளங்காச் சொல்லில் தமிழ் இருந்து என்ன பயன்? “காத்திருப்பு நாள்” எனப் புட்டியின் முகப்பிலேயே பேரெழுத்தில் பொறிக்கக் கேட்போம். விற்பவர் அதை வாய்விட்டுச் சொல்லித் தரக் கேட்போம். படித்த இளைஞர்களே, உங்கள் ஊர் உழவர்க்கு அச்சீட்டைப் படித்துக் காட்டுங்கள். அதுவும் தமிழ்த் தொண்டே.

ஆட்சிமொழி தமிழ் என்றால் அது கோட்டையில் மட்டும் இருந்தால் போதாது. நஞ்சுப் புட்டியிலும் இருக்க வேண்டும். உயிர் காக்கும் சொல் தாய்மொழியில் இருக்கட்டும்!

வாழ்க தமிழ்! வெல்க தமிழர்!