கடைசிப் பெயர் வெட்டுப்படும் வரை
(நூற்றாண்டு விழா ஆயத்தக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நூற்றாண்டு விழாவுக்காக மாணவிகளுக்கு ஓர் ஓரியன்ரீரிங் போட்டி நடத்தப்போகிறோம், இங்கிலாந்தில் நடத்திய அனுபவத்தைச் சொல்லுங்கள் என்றார்கள். வரைபடமும் திசையறிகருவியும் கையிலிருக்கும். செம்மஞ்சளும் வெள்ளையுமான கொடிகளை வரிசைப்படி தேடிக் கண்டுபிடித்து ஓடி வரவேண்டும். சில நிமிட இடைவெளி விட்டு ஒவ்வொருவராக அனுப்புவார்கள். ஆகவே காட்டுக்குள் ஒவ்வொருவரும் தனி ஆள். விளையாட்டின் சுவையும் அதுதான், நடத்துபவரின் பயமும் அதுதான்.

அங்கே மூவர் பொறுப்பெடுப்பார்கள். ஒருவர் பாதையைத் திட்டமிடுவார். இன்னொருவர் கொடி நிற்கும் இடங்களுக்குத் தானே போய்ச் சரிபார்ப்பார். மூன்றாமவர் ஒழுங்கமைப்பாளர், காணி அனுமதியிலிருந்து கழிப்பறை வரை அவர் தலையில்தான். ஓர் ஒக்ரோபர் ஞாயிற்றுக்கிழமை அந்த மூன்றாமவர் நான்.

பாதை மூடும் நேரம் கடந்தும் ஒரு பெயர் வெட்டுப்படவில்லை. முதன்முறை வந்த ஒரு பெண். தொலைபேசியை எடுக்கவில்லை. இருட்டிக்கொண்டு வந்தது, மழை வேறு. ரோச் லைற்றுடன் எட்டுப் பேர் திரும்பக் காட்டுக்குள் போனோம். ஒன்றரை மணித்தியாலம் கழித்து அவரே வீட்டிலிருந்து அழைத்தார். இரண்டு கொடிகளுக்குப் பிறகு வழி தவறிவிட்டதாம். கடைசியாக வந்து நிற்க வெட்கப்பட்டு, வேறு பாதையால் காருக்குப் போய்விட்டாராம்.

பிழை என்னுடையது. முடிக்காதவரும் முடிவிடத்துக்கு வந்து பெயர் சொல்லவேண்டும் என்று தாளில் அச்சடித்திருந்தேன். புறப்படும்போது வாயால் சொல்லவில்லை. சத்திரசிகிச்சைக் கூடத்தில் பஞ்சுத்துணி எண்ணிச் சரிபாராமல் வயிறு தைக்கமாட்டோம். அதைப் படித்த நான் இங்கே கோட்டை விட்டேன்.

இல்ல விளையாட்டுப் போட்டியில் கடைசியாக ஓடிவிட்டு, பின்கேற்றால் வீட்டுக்கு நழுவியவள் நான். இன்றைய பிள்ளைகளும் வேறு மாதிரி இருக்கமாட்டார்கள். முடிக்காமல் வருகிறவளுக்கும் அதே தேசிக்காய்த் தண்ணீரும் அதே கைதட்டும் கிடைக்கும் என்று முதலே சொல்லிவிடுங்கள். அவள் மறைந்து போகமாட்டாள்.

வன்னிப் பற்றைக்காட்டில் நடத்தலாமே என்று சிலர் கேட்டீர்கள். மிதிவெடி அகற்றிக் கையளிக்கப்பட்ட நிலம் என்று எழுத்தில் பெறாமல் ஒரு பிள்ளையையும் பற்றைக்குள் அனுப்ப நான் சம்மதியேன். புடையன் பாம்பும் இருக்கிறது. கடித்தால் இறுக்கிக் கட்டுவதோ கீறுவதோ கூடாது. அசையவிடாமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோகவேண்டும். விஷமுறிவு மருந்து எந்த வைத்தியசாலையில் உண்டு என்பதை முதல்நாளே விசாரித்து, வாகனமும் சாரதியும் ஆயத்தமாக நிற்கவேண்டும்.

முதல் தடவைக்குப் பாடசாலை வளவும் சுற்றியுள்ள ஒழுங்கைகளும் போதும். வெயில் ஏறுமுன், காலை 7 மணிக்குத் தொடங்கி 10 மணிக்குள் முடிப்போம். றோட்டுக் கடக்கும் இடமெல்லாம் ஒரு பழைய மாணவி நிற்கட்டும். ஒவ்வொரு பிள்ளையின் கழுத்திலும் ஒரு விசில். ஆபத்தென்றால் ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதவேண்டும். அதையும் வாயால் சொல்லுங்கள்.

பரிசளிப்பு மேடையில் எனக்கு இடம் வேண்டாம். முடிவிடத்தில் பெயர் வெட்டுகிற கதிரையைத் தாருங்கள். கடைசிப் பெயரை நான் வெட்டும் வரை ஒருவரும் கொடி கழற்றக்கூடாது.