கட்டிப் போடுவது மருந்தாகுமா?



பாகூர், கல்வியால் பெயர் பெற்ற ஊர். பல்லவன் நிருபதுங்கன் காலத்துச் செப்பேடு, அங்கிருந்த கல்லூரிக்கு மூன்று ஊர்களைக் கொடையாக விட்ட செய்தியைச் சொல்கிறது. ஏரியும் நெல்வயலும் சூழ்ந்த அந்தப் பாகூரிலும் வில்லியனூரிலும் இன்று குடி புகுந்து கெடுக்காத தெரு எது? குடிப்பதன் கேட்டை எடுத்துரைக்கும் மேடைகள் பல. குடியை விடும் நாளில் நேரும் கேட்டை எடுத்துரைக்கும் மேடையோ அரிது. அதை இங்கே சற்று எண்ணிப் பாருங்கள்.

இருபதாண்டுகளாய் நாள்தோறும் குடித்த உழவர் ஒருவர். கோயிலில் காப்புக் கட்டி, "இனித் தொடமாட்டேன்" என்று சூளுரைக்கிறார். வீட்டார் அவரை அறையிலிட்டுப் பூட்டுகின்றனர். அன்று மாலையே கை நடுங்குகிறது, வியர்க்கிறது, உறக்கமில்லை. மறுநாள் வலிப்பு வருகிறது. மூன்றாம் நாள், சுவரில் பூச்சி ஊர்கிறது என்று அலறுகிறார். பெற்ற மகளையே யாரென்று கேட்கிறார். பேய் பிடித்தது என்பார் சிலர். பித்தேறிற்று என்பார் சிலர். கயிறு வருகிறது. மருத்துவர் மட்டும் வரவில்லை.

பேயுமன்று, நடிப்புமன்று, மூளையின் தடுமாற்றம் அது. குடி மூளையை அமுக்குகிறது. அவ்வமுக்கத்தை எதிர்த்து நிற்க மூளை தன் விரைவை ஆண்டுக்கணக்கில் கூட்டிக்கொள்கிறது. குடியைத் திடுமென நிறுத்தினால் அமுக்கம் நீங்கும். கூட்டிய விரைவு நீங்காது. மேட்டில் ஏறப் பூட்டிய மாடுகள் பள்ளத்தில் வண்டியோடு பாய்வதைப் போன்றது அந்நிலை. கடைசிக் குடிக்குப் பின் 6 முதல் 8 மணி நேரத்தில் நடுக்கம் தொடங்கும். முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரை அறிவு மயங்கி, காய்ச்சலும் நெஞ்சுப் படபடப்பும் மிகலாம். எல்லார்க்கும் இவை வாரா. வந்தவரை மருத்துவமின்றி விட்டால் உயிர் போகலாம்.

இதற்குரிய மருத்துவமே நஞ்சகற்றல். மூளையை அமைதிப்படுத்தும் மருந்தைத் தக்க அளவில் தொடங்கி, சில நாளில் படிப்படியாகக் குறைப்பர். குளுக்கோசு நீர் ஏற்றுமுன் தயமின் என்னும் பி1 உயிர்ச்சத்தை ஊசிவழிக் கொடுப்பர். அது குறைந்தால் நினைவாற்றலே நிலையாய் அழியக்கூடும். உடல்நிலை அறிந்து மருத்துவர் செய்ய வேண்டிய பணி இது. கடையில் வாங்கிய தூக்க மருந்தால் செய்வதன்று.

நஞ்சு அகன்றதும் நோய் தீர்ந்ததா? அங்கேதான் பலர் வழுக்கி வீழ்கின்றனர். குடியோடு உளநோயும் ஒட்டி வாழ்வது உண்டு. உறக்கம் வேண்டிக் குடித்தவர், அச்சம் மறக்கக் குடித்தவர், காதில் கேட்கும் குரலை அடக்கக் குடித்தவர் எத்தனையோ பேர். குடி விளைத்த சோர்வு, விட்ட இரண்டு முதல் நான்கு கிழமைக்குள் பெரும்பாலும் தெளியும். தெளியாது நின்றால் அது தனி நோய். அதற்கும் மருத்துவம் வேண்டும். சாவைப் பற்றிப் பேசுவாராயின் ஒரு நாளும் காத்திருத்தல் கூடாது. ஒன்றை விட்டு ஒன்றைத் தீர்த்தால், விட்டது தீர்த்ததை மீட்டு வரும்.

2017 ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், குடியாலும் பிற மயக்கப் பொருளாலும் நேரும் உளநிலைக் கேட்டையும் உளநோய் என்றே வரையறுக்கிறது. உளநோயாளரைத் தளையிடுவதைத் தடுக்கிறது. அத்தடையின் தேவையை நெருப்பு எழுதிக் காட்டியது. 2001 இல் ஏர்வாடியில் தளையில் பிணைக்கப்பட்ட உளநோயாளர் ஓட வழியின்றித் தீயில் சிக்கினர்; 28 உயிர்கள் போயின.

வழிகாட்டும் பணியும் தமிழ் மண்ணில் உண்டு. கணவரைக் குடிநோய்க்கு இழந்த சாந்தி இரங்கநாதன் 1980 இல் சென்னையில் மருத்துவ அமைப்பு ஒன்றைத் தொடங்கினார். அது 1989 முதல், இன்றைய திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடியில் ஊரார் துணையோடு மருத்துவப் பாசறை நடத்தியது. மஞ்சக்குடியில் இயன்றது பாகூரில் இயலாதா? கோரிமேட்டில் சிப்மர் இருக்கிறது. பாகூர்க் கொம்யூனுக்குள்ளேயே கிருமாம்பாக்கத்திலும் பிள்ளையார்குப்பத்திலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. ஆயினும், 2019 இல் வெளிவந்த நடுவணரசுக் கணக்கெடுப்பின்படி, நாடு முழுதும் குடிக்கு அடிமையானோர் 38 பேரில் ஒருவரே ஏதேனும் மருத்துவம் பெற்றிருந்தார். தடுப்பது தொலைவு மட்டுமன்று, நாணமும் தடுக்கிறது.

அந்நாணத்தை வளர்ப்பது சொல். 'குடிகாரன்' என்ற சொல் ஒருவனை வாயிலுக்கு வெளியே தள்ளும். 'குடிநோயாளி' என்ற சொல் அவனை மருத்துவரிடம் அழைத்துச் செல்லும். மருத்துவரும் நோயின் பெயரையும் மருந்தின் முறையையும் வீட்டார்க்கு நல்ல தமிழில் விளக்க வேண்டும். புரியாத மொழியில் எழுதிய தாளை மடித்துப் பரணில் செருகும் தாய், மருந்தை எவ்வாறு முறையாய்க் கொடுப்பாள்?

ஆகவே தமிழ்மக்களே! நெடுநாள் குடித்தவர் விடத் துணிந்தால் வாழ்த்துங்கள். அன்றே மருத்துவமனைக்கும் அழைத்துச் செல்லுங்கள். குடிவிடுவோர்க்கு 14446, உளநலத்துக்கு 14416 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்களை வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். நடுங்கும் கைக்கு வேண்டியது கயிறன்று. பற்றிக்கொள்ள இன்னொரு கை!