ஒட்டுச் சித்திரத்தில் ஒரு குடும்ப வரலாறு



பிறந்த மண்ணை விட்டுத் தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் தமிழர் வீடுகளில், பெட்டியின் அடியில் ஒரு காகிதக் கட்டு இருப்பதுண்டு. பழைய அஞ்சல் அட்டை, திருமண அழைப்பிதழ், நிலவரி ரசீது, ஓரம் மடிந்த நிழற்படம், மஞ்சள் தடவிய சாதகம். பெற்றோருக்கு அது வரலாறு; தமிழ் எழுத்தறியாது வளர்ந்த பிள்ளைகளுக்கோ வெறுங் காகிதம். பெற்றோர் காலத்திற்குப் பின் அக்கட்டு பழைய தாள் வாங்குவோன் தராசுக்கே போகும். அதனைப் பிள்ளைகள் கண்ணாலேயே படிக்கும் கதையாக்க வழியுண்டா என்பதே இன்று நாம் ஆராயப் புகுவது. ஒரு வழி உண்டு. மேலைநாட்டார் அதனைக் கொலாஷ் என்பர். ஒட்டுச் சித்திரம் என நாம் கூறலாம்.

1912ஆம் ஆண்டு பிக்காசோ, பிரம்புப் பின்னல் அச்சிட்ட மெழுகுத் துணியொன்றைத் தம் ஓவியத்தில் ஒட்டி, சுற்றிலும் கயிற்றையே சட்டமாக அமைத்தார். அவர் நண்பர் பிராக் அவ்வாண்டிலேயே தாளை வெட்டி ஒட்டினார். கலை நூல்கள் கதையை அங்கே தொடங்கும். செட்டிநாட்டு வீடுகளைக் கண்டவர் இதற்குச் சற்றே நகைப்பர். இரவிவர்மா 1894இல் நிறுவிய அச்சகத்தின் படங்கள் நாடெங்கும் பரவியபோது, நம் பெண்டிர் அச்சுப் படத்து இலக்குமிக்குப் பட்டுத் துணியும் சரிகையும் சமிக்கியும் வெட்டி ஒட்டிச் சேலை உடுத்தி, கண்ணாடிச் சட்டத்தில் மாட்டினர். அதற்குக் கலைப்பெயர் சூட்ட எவரும் வரவில்லை, அவ்வளவே.

இனி நம் காகிதக் கட்டுக்கு வருவோம். எடுத்துக்காட்டாக எருத்தேன்பதியைக் கொள்வோம். கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டி, தமிழ் வழங்கும் ஊர். அது அமைந்த சித்தூர் வட்டம் 1949 வரை கொச்சி அரசைச் சேர்ந்தது. பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியில் இணைந்தது. 1956 நவம்பர் முதல் நாள் கேரளமாயிற்று. ஆக, பாட்டனாரும் தந்தையாரும் மகனும் ஒரே திண்ணை வீட்டிற் பிறந்து மூன்று அரசுகளின் குடிகளாயிருத்தல் கூடும். வீடு நகரவில்லை, ஆட்சியின் பெயரே நகர்ந்தது. பிறகு பேரன் வேலை தேடி வடக்கே நகர்ந்தான். இதனை உரைநடையில் எழுதினால் அரசாணைச் சுருக்கம் போலாகும். அத்தகைய சுருக்கங்களை நாள்தோறும் மொழிபெயர்க்கும் நமக்கு அவற்றின் வறட்சி நன்கு தெரியும்.

ஒட்டுச் சித்திரம் இதனை எளிதிற் சொல்லும். அடியில் கருமண் நிறம் ஒரே பரப்பாக இருக்கட்டும். கேரளத்தில் அரிதான கரிசல், சித்தூர்ப் பகுதியில் உண்டு. அது அசையாத தரை. அதன்மேல் மூன்று ஆட்சிகளின் தாள்கள், ஒன்று மற்றொன்றைப் பாதி மறைத்து ஏறியிருக்கட்டும். பனையோலை நறுக்கு ஒன்றையும் வைக்கலாம். விரலுக்குத் தெரியும் சொரசொரப்பும் கதையே.

அளவு என்பது பெரிய கருவி. பழைய குடும்பப் படத்தில் நாற்காலியில் வீற்றிருப்பவரே பெரியவர். கதவோரம் பாதி முகம் தெரிய நிற்கும் அத்தையை எவரும் கேட்பதில்லை. வளையலை அடகு வைத்துத் தம்பியைப் படிக்க வைத்தவர் அவராயின், அவரைப் பெரிதாக்கி நடுவில் வைக்க இங்கே தடையில்லை. நாற்காலிக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

படமே எடுக்காமல் மறைந்தவரை என்செய்வது? படத்தின் அளவுக்கு ஓர் இடத்தை வெறுமையாக விடுக. சுற்றிலும் தாள்கள் நெருங்க, அவ்வெற்றிடம் எவரும் சொல்லாமலே கேள்வி கேட்கும். குழந்தை கேட்கும்போது பெயரைச் சொல்லலாம்.

நிறங்களைப் பற்றி மிகுதியாகக் கூறவேண்டுவதில்லை. பழுப்பேறிய தாள்களிடையே ஒரு சிவப்பு போதும்.

விளிம்பைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். மொழிபெயர்ப்பில் ஒட்டுத் தெரியாமல் மறைப்பதே திறமை. இங்கு ஒட்டுத் தெரிவதே உண்மை. ரேஷன் அட்டையின் மலையாளமும் பள்ளி ஏட்டின் தமிழும் தில்லிப் பேருந்துச் சீட்டின் இந்தியும் ஒன்றையொன்று தொடும் இடத்தைக் கையாற் கிழித்தே வையுங்கள். கத்தரிக்கோல் அதனைப் பொய்யாக்கிவிடும்.

எமக்கு ஓவியம் வராதே என அஞ்சவேண்டா. சாந்திநிகேதனத்து வினோத் பிகாரி முகர்ஜி, 1950களின் பிற்பகுதியில் பார்வையை முற்றும் இழந்தபின், வண்ணத்தாளை மடித்தும் வெட்டியும் ஒட்டியும் விரலுணர்வினாலேயே மனித உருவங்களைச் சமைத்தார்.

ஊர்ப்பெயரை இரு மொழியிலும் பொறிக்கலாம். நாம் எருத்தேன்பதி என்கிறோம். மலையாளத்தார் எருத்தேம்பதி என எழுதுவர். ஓரெழுத்தே வேறு. இரண்டையும் அருகருகே ஒட்டிவிட்டு, எது சரி என்னும் வழக்கைப் பிள்ளைகளிடம் விடுக.

மூலத் தாளை மட்டும் வெட்டலாகாது. படியெடுத்துப் படியை வெட்டுக. மைதாப் பசை போதும். பூச்சி அரிக்காதிருக்க மயில்துத்தம் சேர்ப்பது சுவரொட்டிக்காரர் வழக்கம்; அது நஞ்சாதலின், பிள்ளைகள் கை படும் பசையில் சேர்க்கவேண்டா. உலரும்வரை மேலே கனத்த புத்தகங்களை அடுக்கி வைக்க வேண்டும். இதற்கு அகராதிகள் மிகவும் ஏற்றவை.