பேதியும் தோஷமும்

(மண்டபத்தில் நடந்த பொதுக்கூட்டத்தில் செய்த பிரசங்கத்தின் சுருக்கம்)



சாமி உண்டா இல்லையா என்று பேச நாம் இன்று வரவில்லை. குழந்தைக்குப் பேதி கண்டால் என்ன செய்வதென்று பேசவே வந்திருக்கிறோம்.

குழந்தை நாலு தடவை தண்ணீராகப் போனதும் நம்மவர்கள் செய்வதென்ன? பட்சி தோஷம் என்கிறார்கள், மந்திரிக்கிறார்கள், கயிறு கட்டுகிறார்கள். அதோடு விட்டால்கூடப் பாதகமில்லை. ஆனால், "தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும்" என்று தண்ணீரையும் பாலையும் நிறுத்திவிடுகிறார்களே, அதுதான் கொல்லுகிறது. ஒழுகுகிற குடத்தில் மேற்கொண்டு ஊற்றாவிட்டால் குடம் காலியாகாமல் என்ன செய்யும்?

குழாயும் கக்கூசும் உள்ள வீடுகளில் இந்தப் பட்சி ஏன் அதிகம் பறப்பதில்லை? நல்ல தண்ணீர் அருமையான கரையோரக் குடிசைகளில் மாத்திரம் ஏன் வட்டமிடுகிறது? அழுக்குத் தண்ணீரிலும் கழுவாத கையிலும் உள்ள கிருமிதான் அந்தப் பட்சி.

இதை வீராப்பாகச் சொல்ல நமக்கு யோக்கியதை குறைவு. நம் மூத்த பெண் ஒன்றரை வயதில் பேதியால்தான் போனாள். பெரியவர்கள் தண்ணீர் கூடாதென்றார்கள். மேடைதோறும் வாய் கிழியப் பேசுகிற நாம் வீட்டில் வாயை மூடிக்கொண்டிருந்தோம். குழந்தை நாக்கை நீட்டிக் கேட்டது இன்னும் கண்ணைவிட்டு அகலவில்லை.

முகாம் என்றால் என்னவென்று மண்டபத்துக்காரர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. வெள்ளைக்காரர் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போன கூலிகளை நோய்க்குப் பயந்து நிறுத்தி வைத்ததும் இங்கேதான். 1983க்குப் பிறகு அதே இலங்கையிலிருந்து தப்பி வந்தவர்களைத் தங்க வைத்ததும் இங்கேதான். அப்படிப்பட்ட ஒரு முகாம் 1971ல் மேற்கு வங்காளத்தில் பொங்காவ் என்ற எல்லையூரில் இருந்தது. கிழக்கு வங்காளத்து அகதிகளிடையே காலரா பரவிற்று. நரம்பில் ஏற்றுகிற மருந்துநீர் தீர்ந்துபோயிற்று. டாக்டர் திலீப் மஹலானபிஸ் உப்பும் குளுகோஸும் சோடா உப்பும் கலந்த நீரைப் பீப்பாய்களில் வைத்து, நோயாளிகளின் சொந்தக்காரர்களையே ஊட்டச் சொன்னார். 100க்கு 30 பேர் வரை செத்த இடத்தில் சாவு 4க்கும் கீழே இறங்கிற்று. காரணம் மந்திரமல்ல. சர்க்கரையோடு சேர்ந்தால் குடல் உப்பை உறிஞ்சுகிறது. உப்போடு தண்ணீரும் உள்ளே போகிறது. பக்கத்து இராமேசுவரத்தில் 22 தீர்த்தமாடியும் கிடைக்காத பலன் ஒரு தம்ளரில் இருக்கிறது!

ஆரம்ப சுகாதார நிலையத்தில் பொட்டலம் இனாமாகத் தருகிறார்கள். அது கையில் இல்லாவிட்டால், காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய தேக்கரண்டியால் சர்க்கரை 6, உப்பு அரை. உப்புக் கூடினால் ஆபத்து. வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து, கரண்டி கரண்டியாகக் கொடுக்கவேண்டும். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. கஞ்சி, குழைந்த சோறு, முள் நீக்கிய மீன் எல்லாம் கொடுக்கலாம். பேதியில் பட்டினி போட்ட பிள்ளைதான் பிறகு சவலையாகிறது. அடுத்த பேதியைத் தாங்காது. கண் குழிவிழுந்தால், குடிக்க மாட்டாமல் துவண்டால், இரத்தம் போனால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். அங்கே கொடுக்கும் துத்தநாக மாத்திரையைப் பேதி நின்ற பிறகும் 14 நாள் முடியக் கொடுங்கள்.

இப்போது தாய்மார்கள் சிலர் இந்த மேஜைமேல் கலந்து காட்டுவார்கள். ஆண்கள் யாரும் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிடாமல் பக்கத்தில் வந்து பார்க்கவேண்டும். நடு இராத்திரியில் கலக்க வேண்டியது அவர்களும்தான்.