பிணைப்பைப் பார்த்தால் போதாது, வடிவத்தையும் பாருங்க

போன முறை சகப்பிணைப்பு பற்றிப் பேசினோம். இன்னைக்கு அதோட தொடர்ச்சி. பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்கிற ஒரு கேள்வியில் இருந்து தொடங்கறேன். "கார்பன் டை ஆக்சைடுல இருக்கிற பிணைப்பு ரெண்டுமே முனைவுள்ளதுதானே? அப்புறம் ஏன் அதை முனைவற்ற மூலக்கூறுன்னு சொல்றாங்க?" நியாயமான கேள்வி. இதுக்குப் பதில் புரிஞ்சுட்டா, இந்தப் பாடத்தில் மனப்பாடம் பண்ண வேண்டியது ரொம்பக் குறைவு.

முதலில் பிணைப்பைப் பார்ப்போம். இரண்டு அணுக்கள் எலக்ட்ரான்களைப் பங்கு போட்டுக்கொள்வதுதான் சகப்பிணைப்பு. ஆனா அந்தப் பங்கு எப்பவும் சரிசமமா இருக்காது. எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுக்கும் திறனுக்கு எலக்ட்ரான் கவர்தன்மை என்று பெயர். லினஸ் பாலிங் 1932-இல் இதற்கு ஓர் அளவுகோல் கொடுத்தார். அதில் ஃப்ளூரின் 3.98, ஆக்சிஜன் 3.44, கார்பன் 2.55, ஹைட்ரஜன் 2.20. ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்தால் வித்தியாசம் 1.24. எலக்ட்ரான்கள் ஆக்சிஜன் பக்கம் சாயும். அந்தப் பக்கம் கொஞ்சம் எதிர்மின் சுமை, ஹைட்ரஜன் பக்கம் கொஞ்சம் நேர்மின் சுமை. இது முனைவுள்ள பிணைப்பு. கார்பனுக்கும் ஹைட்ரஜனுக்கும் வித்தியாசம் 0.35தான். அதனால அதை ஏறக்குறைய முனைவற்றது என்றே எடுத்துக்கறோம்.

பெரும்பாலானவர்கள் இந்த இடத்திலேயே நின்னுடறாங்க. இன்னொரு கேள்வி பாக்கி இருக்கு: மூலக்கூறின் வடிவம் என்ன?

கார்பன் டை ஆக்சைடு நேர்கோடு. நடுவில் கார்பன், இரண்டு பக்கமும் ஆக்சிஜன். கயிறு இழுக்கிற போட்டியில் இரண்டு பக்கமும் சம பலம் இருந்தா நடு முடிச்சு நகருமா? நகராது. அதே மாதிரி இரண்டு இழுப்பும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். இருமுனை திருப்புத்திறன் பூஜ்ஜியம்.

தண்ணீரிலும் இரண்டு முனைவுள்ள பிணைப்புகள்தான். ஆனா அது நேர்கோடு இல்லை. ஆக்சிஜனிடம் பிணைப்பில் சேராத இரண்டு எலக்ட்ரான் இரட்டைகள் இருக்கு. அவை பிணைப்புகளைத் தள்ள, மூலக்கூறு 104.5 டிகிரியில் வளைஞ்சு நிற்குது. ஹைட்ரஜன் இரண்டும் ஒரே பக்கம் வந்துடுது. இழுப்புகள் ரத்தாகாமல் கூடுகின்றன. திருப்புத்திறன் 1.85 டிபை. பீட்டர் டிபை 1936-இல் வேதியியல் நோபல் பெற்றதற்கு இந்த இருமுனைகள் பற்றிய ஆய்வும் ஒரு காரணம். அவர் பெயரில்தான் இந்த அலகு.

இந்த வளைவால் என்ன ஆகுதுன்னு பாருங்க. மீத்தேன் மூலக்கூறும் தண்ணீர் மூலக்கூறும் கிட்டத்தட்ட ஒரே எடை: 16, 18. மீத்தேன் மைனஸ் 161 டிகிரியிலேயே கொதிச்சுடும். தண்ணீர் கொதிக்க 100 டிகிரி வேணும். தண்ணீர் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றையொன்று பிடிச்சுக்கறதுதான் காரணம். அந்தப் பிடி இல்லைன்னா நம்ம ஆறும் கடலும் திரவமா இருக்காது.

அடுத்து எண்ணெய். "எண்ணெய் லேசானது, அதனால தண்ணீரோட கலக்காது" என்று பலர் சொல்வாங்க. மிதப்பதற்கு அது காரணம், கலக்காததற்கு இல்லை. எத்தனால் தண்ணீரைவிட லேசானது. ஆனா எந்த அளவில் ஊற்றினாலும் கலந்துவிடும், ஏன்னா அது முனைவுள்ளது. கார்பன் டெட்ராகுளோரைடு தண்ணீரைவிட ஒன்றரை மடங்கு கனமானது. அடியில் போய்த் தங்குமே தவிர, கலக்காது. அதில் நான்கு முனைவுள்ள பிணைப்புகள் இருந்தும், நான்முகி வடிவத்தில் அவை ஒன்றையொன்று ரத்து செய்கின்றன. ஒரு குளோரினை எடுத்துட்டு ஹைட்ரஜனை வைச்சா அது குளோரோஃபார்ம். சமச்சீர் போச்சு, முனைவுள்ள மூலக்கூறு ஆயிடுச்சு.

எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் பகை ஒண்ணும் கிடையாது. தண்ணீர் மூலக்கூறுகள் தங்களுக்குள்ள இறுக்கமா கைகோத்து நிற்குது. எண்ணெய் உள்ளே வரணும்னா அந்தக் கையை விடணும், பதிலுக்குக் கிடைக்கிற பிடிப்பு போதாது. அவ்வளவுதான் விஷயம்.

இது பரீட்சையோட முடியற விஷயமும் இல்லை. வைட்டமின் சி மூலக்கூறு சின்னது, அதில் ஆக்சிஜன்–ஹைட்ரஜன் தொகுதிகள் நான்கு இருக்கு. தண்ணீரில் கரையும். உடம்புக்கு வேண்டியது போக மிச்சம் பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும். வைட்டமின் ஏ-யிலும் அதே தொகுதி ஒன்று இருக்கு. ஆனா அது நீண்ட கார்பன்–ஹைட்ரஜன் சங்கிலியின் ஒரு முனையில் மட்டும். மொத்த மூலக்கூறையும் பார்த்தா கொழுப்பின் குணம்தான். அதனால கேரட்டை ரெண்டு சொட்டு எண்ணெயோட பொரியல் பண்ணிச் சாப்பிட்டா, அதில் உள்ள பீட்டா கரோட்டின் நல்லா உள்ளே போகும். அதே காரணத்தால்தான் வைட்டமின் ஏ, டி மாத்திரைகளை டாக்டரைக் கேட்காம மாசக்கணக்கில் போடக் கூடாது. கூடுதலா போனது எளிதில் வெளியேறாது. ஏ கல்லீரலிலும், டி உடல் கொழுப்பிலும் சேர்ந்துகிட்டே போகும். அளவு மீறினால் நஞ்சு. கர்ப்பிணிகளுக்கு வைட்டமின் ஏ விஷயத்தில் இன்னும் கவனம் வேணும்.

ஆக, எந்த மூலக்கூறு வந்தாலும் இரண்டு கேள்வி கேளுங்க. முனைவுள்ள பிணைப்பு இருக்கா? இருந்தா, வடிவம் அதை ரத்து பண்ணுதா?

இன்னைக்கு வீட்டுப்பாடம்: அம்மோனியாவிலும் போரான் ட்ரைஃப்ளூரைடிலும் ஆளுக்கு மூன்று முனைவுள்ள பிணைப்புகள். ஒன்று முனைவுள்ளது, மற்றது முனைவற்றது. எது எது, ஏன்? படம் வரைஞ்சு பாருங்க. அடுத்த எபிசோடில் சோப்பு எப்படி எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்து வைக்குதுன்னு பேசலாம்.